இரண்டாவது சமன்பாடு

தரை துடைக்கும் மருந்தைக் கலக்கிற கலவை அறையில் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி போட்ட கணக்கை இன்னொருத்தி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் குழாயைத் திறக்கலாம். மருந்து கூடினால் தரை துடைக்கிறவள் கை வெந்துபோகுமே, அதற்காக வந்த சட்டம். நிரந்தர வேலைக்கு வைத்த பரீட்சையிலும் சூப்பர்வைசர் அதையே வைத்தார். மார்க் என்னவோ கணக்குக்கு மட்டும்தான், கையெழுத்துக்கு இல்லை. வேலை ஒன்று, எழுதியவர்கள் இரண்டு பேர்: ஏழு வருஷமாகத் தினக்கூலியில் தேய்ந்த அக்கா; அவளே கையைக் காலைப் பிடித்து ஆறு மாசம் முன்பு உள்ளே சேர்த்துவிட்ட தங்கை.

மூன்று சதவீதக் கரைசலையும் ஒன்பது சதவீதக் கரைசலையும் கலந்து ஐந்து சதவீதத்தில் நாற்பத்தெட்டு லிட்டர் வேண்டும். இதுதான் அக்காவின் கணக்கு. இரண்டு சமன்பாடு எழுதினாள்: முதலாவது லிட்டர் கணக்கு, இரண்டாவது அதில் உள்ள மருந்தின் கணக்கு. நாற்பத்தெட்டில் காட்டமானதைக் கழித்தால் நீர்த்தது என்று முதலாவதிலிருந்து எடுத்து, இரண்டாவதில் பிரதியிட்டாள். அதுவரை பிசகில்லை. அடைப்புக்குறியை மூன்றால் பெருக்கும்போது நாற்பத்தெட்டை மட்டும் பெருக்கிவிட்டு, பக்கத்தில் இருந்ததைப் பெருக்காமல் அம்போவென்று விட்டுவிட்டாள். ஏழு வருஷப் பதற்றம், வேறென்ன? காட்டமானது பன்னிரண்டு, நீர்த்தது முப்பத்தாறு என்று வந்தது. கூட்டினால் நாற்பத்தெட்டு. அப்பாடா என்று பேனாவை மூடினாள். எந்தச் சமன்பாட்டிலிருந்து எடுத்தாளோ அதிலேயே திரும்பப் போட்டுப் பார்த்தால் சரியாக வராமல் எங்கே போகும்?

தாள்களை மாற்றிக்கொண்டார்கள். தங்கையின் தாளில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. தப்பைக் காட்டுவதும் திருத்துவதும் அங்கே முறைதான், அக்கா தொட்டுக் காட்டினாள், தங்கை திருத்தினாள். பிறகு தங்கை அக்காவின் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். ஓரத்தில் பென்சிலால் ஏதோ போட்டாள், அழித்தாள். சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் பலகையில் தங்கையின் பெயர் தொங்கியது. இரண்டாவது சமன்பாட்டில் நாற்பத்தெட்டை ஐந்தால் பெருக்கி இருநூற்று நாற்பது வரவேண்டிய இடத்தில் இருநூற்றுப் பதினாறுதான் வருகிறது, சரிபார்த்தவளுக்குக் கண் எங்கே போயிற்று என்று சூப்பர்வைசர் அக்காவிடம் சிடுசிடுத்தார். சின்னப் பெண், அவளும் கூட்டி மட்டும் பார்த்திருப்பாள், திட்டாதீர்கள் என்று அக்கா அவரிடம் கெஞ்சினாள். எரிச்சலாக இல்லை? வேலை போனது இவளுக்கு, பரிந்து பேசியதும் இவள்தான்.

கை கழுவும் இடத்தில் தங்கை தனியாக நின்றாள்.

"நீயும் கூட்டி மட்டும்தானேடி பார்த்தே?" என்றாள் அக்கா. ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அவள் எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

தங்கை சோப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இல்லக்கா. ரெண்டாவதுலயும் போட்டுப் பார்த்தேன். வரல."

அக்கா குழாயை இறுக்கி மூடினாள்.

"பொய்யாவது சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.