மூணு சென்டிமீட்டர்

படுக்கை, அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் வச்ச வண்டியில ஊர் சுத்தணும்னு முதல்ல ஆசைப்பட்டது என் வீட்டுக்காரிதான். பஸ் டிப்போவுல முப்பது வருஷம் கிரீஸ்ல புரண்ட எனக்கு, ரிடையர் ஆனதும் வீட்ல காலை நீட்டிப் படுத்தாப் போதும்னு இருந்தது. அவ விடல. பழைய கேம்பர் வேன் ஒண்ணை வாங்க வச்சுட்டா. அப்புறம் அவ முழங்கால்ல ஆபரேஷன் ஆச்சு, பயணம் நாலு மாசம் தள்ளிப்போச்சு. ஒருவழியா வர்ற திங்கக்கிழமை கிளம்பறதா முடிவு பண்ணோம்.

அதுக்குள்ள பார்த்தா நாலு வீல்லயும் துரு, ரெண்டுல வெடிப்பு. மாத்தியே ஆகணும்.

வீல் விஷயத்துல எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. நட்டு எத்தனை, நட்டுக்கும் நட்டுக்கும் இடைவெளி என்ன, நடு ஓட்டை சரியா உக்காருமா, வீல் உள்ள போய் பிரேக்குல இடிக்குமா, வெளிய துருத்துமா, எல்லாத்தையும் அளந்து எழுதிக்கிட்டுதான் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டு, வண்டியில மொத்தம் எவ்வளவு எடை ஏறும்னு கேட்டார். கார் வீல் மாட்டினாப் பொருந்தும், இந்தப் பாரம் தாங்காதுன்னார். எனக்குத் தெரியாதா என்ன. படுக்கை, அடுப்பு, தண்ணி, நான், வீட்டுக்காரின்னு ஒண்ணு விடாம கிலோ கணக்குல ஒப்பிச்சேன். தன் எடையை வெளியாள்கிட்ட சொன்னது தெரிஞ்சா என்னைத் தொலைச்சுக் கட்டிருவா.

பாரம் தாங்கறதுல ரெண்டு வகை இருந்தது. ஒண்ணு பழைய அளவு, கறுப்பு, மூஞ்சியில களையே இல்ல. இன்னொண்ணு ஒரு சுத்து பெரிசு, டயரும் உயரம், பளபளன்னு இருந்தது. பெரிசு போட்டா வண்டி கொஞ்சம் தூக்கும், ஸ்பீடாமீட்டரும் கம்மியாக் காட்டும், யோசிச்சுக்கோங்கன்னார். மேடு பள்ளத்துல அடி தட்டாதில்லன்னு மடக்கினேன். எனக்கு வாய் ஜாஸ்தி.

மாட்டிக்கிட்டு வந்து வாசல்ல ஹார்ன் அடிச்சேன். அவ வந்தா, சுத்திப் பார்த்தா, ஜம்முனு இருக்குன்னா. கதவுப் படியில ஒரு காலை வச்சா, உடனே எடுத்துட்டா. அடுப்புல பால் இருக்குன்னு உள்ள போயிட்டா. சாப்பிடறப்ப மெதுவாச் சொன்னா: "நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."

வந்துச்சே எனக்குக் கோபம். ஆசை காட்டி இழுத்துவிட்டவளே கழண்டுக்கறாளே! காரணம் கேட்டா ஒண்ணுமில்லங்கறா. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். உள்ள அழுகையா வந்தது. அதைக் காட்டத் தெரியாம பாத்திரத்தை டமால் டமால்னு வச்சேன்.

சனிக்கிழமை, ஜாக்கிக்கு அடியில வைக்கப் பலகை தேடி வீட்டுக்குப் பின்னால போனேன். அங்க செங்கல் அடுக்கி, மேல என் பலகையைப் போட்டு ஒரு படி. பிடிச்சுக்கப் பக்கத்துல ஒரு நாற்காலி. ஓரமா அவ துணி தைக்கிற டேப். சுவத்துல சாக்பீஸ்ல கோடு கோடா, ஒரு நாள் அஞ்சு, ஒரு நாள் பத்து, கடைசியில இருபது. என் கை சும்மா இருக்குமா, படியை அளந்தேன். நாப்பத்திநாலு சென்டிமீட்டர். ஓடிப்போய் வண்டிப் படியை அளந்தேன். நாப்பத்தேழு.

திரும்பி வந்து அந்தப் பலகை மேலயே உக்காந்துட்டேன். வாசப்படி ஏறவே திணறினவ, நான் மத்தியானம் தூங்கற நேரத்துலயெல்லாம் இதுல ஏறி இறங்கியிருக்கா. பழைய வண்டிப் படியை அளந்து, அதே உயரத்துக்குக் கட்டி வச்சிருக்கா. ஊர்ப்பட்ட அளவெல்லாம் எடுத்த நான், அவளை வெறும் கிலோவாத்தான் கணக்குல சேர்த்திருக்கேன். கண்ணுல தண்ணி வந்தது. துடைக்கல.

பின்கதவைத் திறந்துக்கிட்டு அவ வந்து நின்னா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு கேட்டேன்.

"அவ்வளவு ஆசையா மாட்டிக்கிட்டு வந்தீங்க. எனக்காகக் கழட்டுங்கன்னு எப்படிங்க சொல்றது?"

ஒரு ஸ்டூல் போட்டுக்கலாமேன்னு இழுத்தேன்.

"ஸ்டூல் போட்டு ஏத்திவிட நான் என்ன மூட்டையா? நானா ஏறணும்."

அன்னிக்கே கடைக்குப் போனேன். ஒரு அளவு விட்டுப்போச்சுன்னு மட்டும் சொன்னேன். கடைக்காரர் என் மூஞ்சியைப் பார்த்தார், ஒண்ணும் கேட்காம கறுப்பு வீலை உருட்டிக்கிட்டு வந்தார். நல்ல மனுஷன்.

திங்கக்கிழமை காலையில அவ டேப்போட வந்து வண்டிப் படியை அளந்தா. என் மேல அவ்வளவு நம்பிக்கை. நான் கையை நீட்டினேன், தள்ளிவிட்டுட்டா. கதவுக் கம்பியைப் பிடிச்சா, காலை வச்சா, மூச்சை இழுத்தா, ஏறிட்டா. நான் சுத்தி வந்து ஸ்டியரிங் முன்னால உக்காந்தேன்.

அழுதுடக் கூடாதுன்னு வண்டி விஷயமாப் பேசினேன். புது வீல், அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி நட்டை மறுபடி முடுக்கணும்னேன்.

"தாராளமா நிறுத்துங்க"ன்னா அவ. "நான் இறங்கி இன்னொரு தடவை ஏறிக்கறேன்."