கைச்சுவரின் மூன்றாம் பாகம்

சோறு அடிப்பிடித்த மணம் முற்றம் வரைக்கும் வந்த பிறகும் பஹ்மிதா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் உம்மா வருவதையாவது கண்டிருப்பாள். சரீபா வந்தாள், மகளின் கையிலிருந்த புத்தகத்தைப் பறித்தாள், அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

"அரிசி போட்டவள் அடுப்பப் பாக்க மாட்டாளா? கண்ட கதையெல்லாம் வாசிச்சு மூள கலங்கிப் போச்சு உனக்கு!"

"இப்பதான் உம்மா தொடங்கினன். தாங்க உம்மா!"

"நிலை வைச்சு முடியட்டும், தாறன்."

பறிப்பதற்கும் ஒரு நேரம் பார்த்தாளே அந்த மனுசி! மூன்று பாகக் கதை அது, பெயர் 'கைச்சுவர்'; பறிபோனது கடைசிப் பாகம். சாய்ந்தமருதுச் சினேகிதி ஸுஹைறா கொழும்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பித்துக் கொடுத்தது. கதையில் ஒரு நகரம், நகரத்தைச் சுற்றி ஒரு சுவர். தினமும் காலையில் எல்லாரும் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைக்க வேண்டும். 'உங்கள் நன்மைக்குத்தான்' என்பார்கள் காவலர்கள். வெரா என்கிற பெண் ஒருநாள் உண்மையைக் கண்டுபிடிக்கிறாள். சுவரைத் தாங்குவது கல்லுமில்லை, இரும்புமில்லை, வைக்கிற கைகள்தான். இரண்டாம் பாகத்தின் முடிவில் காவலர்கள் அவளைச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவள் கையைத் தூக்குகிறாள். வைத்தாளா, வைக்கவில்லையா? அது தெரியாமல் மனுசர் எப்படி அடுப்பைப் பார்ப்பது?

ஸுஹைறாவுக்கு அழைத்துக் கேட்டாள். "எனக்கெங்க தெரியும்? நீ வாசிச்சுத் தந்தாத்தானே நான் வாசிக்கிற" என்றாள் அவள். அந்த வழியும் அடைபட்டது.

நிலை என்று சரீபா சொன்னது வீட்டு வளவின் மற்றப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த வீட்டின் வாசல் நிலையை. இந்தக் கிழக்குக் கரையில் மாப்பிள்ளை வந்து குடியேறுவது பெண்ணின் வீட்டில்தான். ஆகவே பெண்பிள்ளை பிறந்த அன்றே வாப்பாமாருக்குக் கல்லும் மணலும் கனவில் வரத் தொடங்கிவிடும். பஹ்மிதாவின் வாப்பா ஜவுபர் போகத்துக்குப் போகம் நெல்லை விற்று அந்தச் சுவர்களை எழுப்பியவர். இவர்களுடைய குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு உரிய பெண் பிஸ்மி சொல்லி நிலையில் முதலில் கை வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தச்சு வேலை செய்யும் ஓடாவி அதை நிமிர்த்துவார். நிலை நிமிர்ந்தால் கலியாணமும் நிமிர்ந்த மாதிரித்தான்.

மாப்பிள்ளையும் ஆயத்தம். ஜவுபரின் தங்கை நஸீறாவின் மகன் ஸஜாத் கட்டாரிலிருந்து லீவில் வரப்போகிறான். இந்த நேரம் பார்த்தா பஹ்மிதாவுக்குப் பேராதனைக் கம்பஸில் படிக்க இடம் கிடைக்க வேண்டும்!

"நிக்காஹ் முடியட்டும். படிப்பைப் பிறகு பாத்துக்கொள்ளுவம்" என்றாள் நஸீறா மாமி. அந்தப் 'பிறகு' எப்படிப்பட்ட பிறகு என்று பஹ்மிதாவுக்குத் தெரியாதா? ஊரில் எத்தனை பேரைக் கண்டிருக்கிறாள்.

"படிச்சிட்டு வந்து முடிக்கிறன் வாப்பா" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"உன்ட நன்மைக்குத்தான் மகள் சொல்றன்" என்றார் ஜவுபர். பஹ்மிதாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாப்பா நல்ல மனுசன், பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். அவருடைய வாயில் காவலர்களின் சொல் எப்படி வந்தது?

அந்த நாட்களில் சரீபாவுக்கும் என்னவோ பிடித்திருந்தது. மத்தியானம் ளுஹர் தொழுத கையோடு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். கேட்டால் தலையிடி என்பாள். ஒருநாள் சூடைமீன் ஆணத்தில் உப்பே இல்லை. ஜவுபர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டு எழும்பினார்.

நிலை வைக்கும் காலை வந்தது. முதிரை மரத்தில் செய்த நிலை, பார்க்கவே கம்பீரமாய் வாசலில் கிடந்தது. லெப்பை பாத்திஹா ஓதி முடித்தார். தட்டம் நிறையக் கொழுக்கட்டை. நஸீறா மாமி புதுப் புடவையில் முன்வரிசையில் நின்றாள்.

"பிஸ்மி சொல்லிக் கைய வை மகள்" என்றார் ஜவுபர்.

பஹ்மிதா கையைத் தூக்கினாள். வெரா என்ன செய்தாளோ, அவளுக்குத் தெரியாது. தான் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. தூக்கிய கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வைக்க மாட்டன்."

"என்ன கா இது? வெக்கமா?" என்று சிரித்தாள் மாமி.

"வெக்கமில்ல மாமி. இது ஆர்ட வீடு?"

"உன்ட வீடுதான் புள்ள."

"அப்ப நிலை எப்ப வைக்கிறது எண்டு நான்தானே சொல்லணும்? கம்பசுக்குப் போய்ப் படிச்சிட்டு வந்து வைக்கிறன்."

ஜவுபரின் முகம் கறுத்தது. "நாலு பேருக்கு முன்னால என்ட மானத்த வாங்கிறியா? வை எண்டா வை!" என்று அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பஹ்மிதாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயப்படவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். கண்ணீர் ஓடியது. ஆனால் பொத்திய விரல்களை அவள் விரிக்கவில்லை.

"விடுங்க அவள்ட கைய."

எல்லாரும் திரும்பினார்கள். சரீபா குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள்.

"நீயும் சேந்து கதைக்கிறியா?" என்றார் ஜவுபர்.

"ஓம், கதைக்கிறன். நாம இருக்கிற வீட்டு நிலைக்கு நான் கை வைக்கக்குள்ள எனக்குப் பதினாறு வயசு. பள்ளிக்கூடத்தால வந்த சட்டையோட கூட்டிவந்து வை எண்டாங்க, வைச்சன். ஒருத்தரும் என்னைக் கேக்கல்ல. ஏன் எண்டு நானும் கேக்கல்ல. இவள் கேக்கிறாள், கேக்கட்டும்!" சரீபா ஓடாவியின் பக்கம் திரும்பினாள். "நிலையச் சாத்தி வைங்க. முதிரைதானே, உக்காது."

"அப்ப என்ட மகன்?" என்று பாய்ந்தாள் நஸீறா.

"வருசக்கணக்காக் கட்டாரில இருந்தவருக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கேலாதா மச்சி? ஏலாட்டி வேற இடம் பாருங்க. நான் குறை நினைக்க மாட்டன்."

மாமி பொருமிக்கொண்டு போனாள். அந்தக் கோபத்திலும் தன் பங்குக் கொழுக்கட்டையை எடுக்க மறக்கவில்லை.

ஜவுபர் சீமெந்துப் பையில் குந்தினார். மகளைப் பார்க்கவில்லை. பிறகு எழும்பிப் போய்த் தறப்பாளைக் கொண்டுவந்து நிலையை மூடிக் கட்டினார். "மழை வந்தா நனையும்" என்று யாருக்கோ சொன்னார்.

உள்ளே சரீபா அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். கடைசிப் பக்கத்துக்குக் கிட்ட ஒரு தாளின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. பஹ்மிதா அந்த மடிப்பையும் உம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உம்மா... வெரா கைய வைச்சாளா?"

"வாசிச்சுப் பாரு. நான் சொல்ல மாட்டன்." சரீபா அகப்பையை மேசையில் வைத்தாள். "அது கிடக்கட்டும், முதலாம் பாகத்த எங்க வைச்சிருக்கிறாய்? கடைசிப் பாகத்தில இருந்து தொடங்கினதால அந்தச் சனியன் பிடிச்ச காவலன் ஆரெண்டே எனக்கு விளங்கல்ல."

அன்றைக்கும் சோறு அடிப்பிடித்தது. ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை.