காரணம் எழுதப்படாத பதினேழாம் விதி

மின்தூக்கிகளை இயக்கும் நிரல்களை எழுதும் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நிரல்மொழிக்குப் புதிய தரநிலை வெளிவரும்போதெல்லாம் குழுவினர் கூடித் தங்கள் எழுத்துமுறைக் கையேட்டை விதி விதியாக வாசிப்பார்கள். ஒவ்வொரு விதியின் கீழும் அதன் காரணம் இருக்க வேண்டும். காரணம் இல்லாத விதி, எவர் எழுதியதாயினும், அன்றே நீக்கப்படும்.

பதினான்காம் விதி வாசிக்கப்பட்டபோதே மூத்த நிரலாளரின் கண் பதினேழுக்குப் போய்விட்டது. பதினேழாம் விதி அவர் எழுதியது: 'முழு எண்ணா, தசம எண்ணா என்று எண்ணின் வகையைக் கையால் எழுதுக, மொழியே ஊகித்துக்கொள்ள விடாதீர்.' அதன் கீழே காரணம் காலியாக இருந்தது. அந்த விதி எழுதப்பட்டபின் வெளிவந்த முதல் தரநிலை இதுதான்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஊகிக்கும் வசதி மொழிக்குப் புதிதாக வந்தபோது, அவர் ஆசையோடு பயன்படுத்தினார். தசம எண்ணாக இருக்க வேண்டிய பிரேக் தூரத்தை மொழி முழு எண்ணாகக் கொண்டது. அரை மீட்டர் பூஜ்யமாயிற்று; பிரேக் பிடிக்கவில்லை. மணல்மூட்டைகள் ஏற்றிய சோதனைக் கூண்டு இரண்டு மாடி விழுந்து பள்ளத்தில் மோதியது. பிரேக் சோதகர் அதிலிருந்து வெளியே வந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. மூத்த நிரலாளர் ஓசைப்படாமல் நிரலைத் திருத்தினார். கயிறு வழுக்கியதாக அறிக்கை போயிற்று. கயிற்றைச் சரிபார்த்தவர் அதே சோதகர்.

அந்தச் சோதகர் இப்போது இரண்டு நாற்காலி தள்ளி அமர்ந்து, பிஸ்கட்டைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"பதினேழு. காரணம் காலி. யாரு பெத்த பிள்ளைப்பா இது?" என்றார், எதற்கும் வாதாடுவதால் 'வக்கீல்' என்று பெயரெடுத்த நிரலாளர். "புதுத் தரத்துல மொழியே எல்லாத்தையும் ஊகிச்சுக்குது. நாம எதுக்கு விரல் தேய எழுதணும்?"

"அப்ப தூக்கிடலாமா?" என்றார் குழுத்தலைவி.

"தூக்குங்க, தூக்குங்க. தூக்குறதுதானே நம்ம தொழிலே!" என்று சோதகர் சிரித்தார்.

"அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று தலைவி மூத்த நிரலாளரைக் கேட்டார்.

வாய் திறக்காவிட்டால் விதி போய்விடும். நாளை யாரோ எழுதும் ஒரு வரியால் கூண்டு விழும். அப்போது உள்ளே இருப்பது மணல்மூட்டையாக இருக்காது.

"காரணம் இருக்கு," என்றார் மூத்த நிரலாளர். "நான்தான் எழுதல. அன்னைக்குக் கூண்டு விழுந்தது கயித்தால இல்ல. என் நிரலால."

சோதகர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"கயிறு வழுக்கலையா?" என்றார் சோதகர்.

"இல்லண்ணே."

"ஒன்பது வருஷமா ஒவ்வொரு கயித்தையும் மூணு தடவை பாக்குறேன். பாத்துட்டு வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வராதும்மா."

தலைவி குறுக்கிட்டார். "தூரம், வேகம், எடை மூணுக்கும் கையால எழுதணும். மத்ததுக்குப் புது முறை. சரியா?" வக்கீல்கூட வாதாடவில்லை. விசைப்பலகை மூத்த நிரலாளரின் பக்கம் நகர்த்தப்பட்டது.

அவர் காரணத்தை எழுதத் தொடங்கினார். சோதகர் எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"கயிறு நல்லாத்தான் இருந்துச்சுன்னும் எழுதும்மா. என் பேரைப் போட்டு எழுது."

அவர் எழுதினார். திரும்பி அந்த முகத்தைப் பார்க்க மட்டும் துணிவு வரவில்லை.