வெள்ளைக்குள் ஒரு முகம்

ஸ்டூடியோக்காரருடைய வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். கல்யாணப் பெண்ணின் நெற்றியில் ஃபிளாஷ் பட்டு வெள்ளையடித்துப் போயிருந்தால், கன்னத்திலிருந்து துளித் தோலை எடுத்து அங்கே ஒட்டி, பெற்ற தாய்க்கே தெரியாமல் சரிசெய்துவிடுவார். செய்துவிட்டுச் சும்மா இருப்பாரா? "நம்மகிட்ட வந்து சரியா வராத படமே கிடையாது" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அந்தப் பேச்சுதான் குடியிருப்புச் சங்கச் செயலாளரைக் கடைக்குக் கூட்டிவந்தது.

முந்தின நாள் விடியற்காலையில் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் எவனோ தீ வைத்துவிட்டான். பதினொரு வண்டிகள் எரிந்து போயின. அணைக்கப் போன காவலாளி உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பிழைப்பது கஷ்டம் என்கிறார்கள். மூன்றாம் மாடித் தையல்காரம்மா ஜன்னல் வழியாகப் போனில் ஒரே ஒரு படம் எடுத்திருந்தார். தீக்குப் பக்கத்தில் ஒருத்தன் நிற்கிறான். சட்டை தெரிகிறது, கை தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் தீ வெளிச்சம் அடித்து வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு.

"நாலு கடை ஏறி இறங்கிட்டோம். எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க," என்றார் செயலாளர். தூக்கமில்லாமல் அவர் கண்கள் சிவந்திருந்தன. "மூஞ்சி மட்டும் தெரிஞ்சா போதும். மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

அந்தக் கடைசிப் பேச்சிலேயே உஷாராகியிருக்க வேண்டாமா மனுஷன்? இவர் காதில் விழுந்ததெல்லாம் மற்ற கடைக்காரர்கள் கையை விரித்தது மட்டும்தான். "மத்தியானம் வாங்க சார்," என்றார்.

படத்தின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனார். சுவரிலும் சட்டையிலும் மறைந்து கிடந்த கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. முகத்தில் மட்டும் வெள்ளை சாம்பல் நிறமானதோடு சரி. கொஞ்சமாவது நிறம் மிச்சம் இருந்தால்தானே இழுத்துக் கொண்டுவரலாம்? அங்கே ஒன்றுமே பதியவில்லை. அது அவருக்கு நன்றாகவே தெரியும். 'வரலைங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரச்சினை அதோடு போயிருக்கும். சொல்ல மனசு வரவில்லையே, பாழாய்ப்போன மனசு!

திரையின் ஓரத்தில் மச்சினனின் படம் திறந்து கிடந்தது. "மாமா, என் ப்ரொஃபைல் போட்டோவை எப்பதான் முடிச்சுத் தருவீங்க?" என்று மூன்று நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான் அவன். பெரிய ஹீரோ என்கிற நினைப்பில் முகத்தைப் பாதி திருப்பி நின்றிருந்தான். தீப் பக்கத்தில் நின்றவனும் அதே மாதிரிதான் திரும்பியிருந்தான். கை தானாக அங்கே போயிற்று. தாடையை எடுத்தார், பிறகு மூக்கை, பிறகு புருவத்தை. கொஞ்சம் மங்கலாக்கி, மேலே தீயின் சிவப்பைத் தடவினார். இந்த மங்கலில் எவனோ ஒருத்தன் முகம் மாதிரிதான் இருக்கிறது, இதை வைத்து யாரைக் கண்டுபிடித்துவிடப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

செயலாளர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். தன் போனில் வாங்கிக்கொண்டு, போகும்போது இவர் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போனார். அந்தப் பிடி ஸ்டூடியோக்காரருக்கு என்னவோ போல் இருந்தது. மூக்கையாவது மாற்றியிருக்கலாம் என்று நினைத்தார்.

நாலு மணிக்கு மனைவி போன் செய்தாள். "என்னங்க, தம்பி அந்தக் குடியிருப்புக்குப் பார்சல் கொடுக்கப் போனானாம். கேட்டைப் பூட்டி வச்சு அடிக்கிறாங்களாம். ஏதோ போட்டோல இருக்கானாம்! போலீஸுக்குச் சொன்னா, வர நேரமாகும்ங்கறாங்க. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை, நீங்க போங்க சீக்கிரம்!"

செருப்புகூடப் போடாமல் ஓடினார். தினமும் அங்கே பார்சல் கொண்டுபோகிறவன். எல்லாருக்கும் பார்த்துப் பழகின முகம். ஐயோ, இது ஏன் அப்போது உறைக்கவில்லை!

கேட்டுக்கு உள்ளே ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். நடுவில் மச்சினன் உதடு கிழிந்து தரையில் உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் "மாமா!" என்றான். இனி ஒன்றும் ஆகாது என்கிற நிம்மதி அந்தக் குரலில் இருந்தது.

"விடுங்க அவனை!" ஸ்டூடியோக்காரர் கம்பி வழியாகத் தன் போனை நீட்டினார். "இதுதான் நீங்க கொடுத்த படம், பாருங்க. வெறும் வெள்ளை. இதுல மூஞ்சியே இல்லை சார். இவன் போட்டோலேருந்து எடுத்து நான்தான் ஒட்டினேன். சத்தியமாச் சொல்றேன்!"

செயலாளர் கேட்டருகே வந்தார். போனை வாங்காமலே பார்த்தார். "இவன் உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சினன். என் பொண்டாட்டியோட கூடப்பிறந்த தம்பி."

"மத்தியானம் யாரு எவருன்னு பாக்காம வேலையைச் செஞ்சுட்டீங்க," என்றார் செயலாளர். அவர் குரலில் கோபமே இல்லை. "இப்ப சொந்தக்காரன்னு தெரிஞ்சதும் அந்த வெள்ளைக்குள்ள மூஞ்சியே இல்லைன்னு வந்து நிக்கறீங்க. உங்க நிலைமை புரியுது சார். வீட்டுக்குப் போங்க."

"இல்ல சார், இல்ல! அப்பவே இல்ல சார்!" கம்பியைப் பிடித்து உலுக்கினார். பூட்டு அசையவில்லை. செயலாளர் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"மாமா," என்றான் மச்சினன் தரையிலிருந்து, மெதுவாக. "நீங்களா ஒட்டினீங்க?"

அவர் சொன்னதை அங்கே நம்பினவன் அவன் ஒருத்தன்தான். ஸ்டூடியோக்காரர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டம் இரண்டு பேருக்கும் நடுவில் வந்துவிட்டது.