போல்ட் போட்டு இழுக்காதீங்க

எங்கள் இரண்டு வீட்டு நிம்மதியின் விலை ஐம்பத்தெட்டு கிலோ. எண்ணெயை வடித்துவிட்டு நிறுத்தால்.

அந்த எடையில் ஒரு கியர்பாக்ஸ், மெக்கானிக் ஷெட்டின் தரையில், பழைய டயர் ஒன்றின் மேல் சம்மணம் போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. அதன் ஜோடி, மூன்றாவது கியரின் பற்களைத் தானே மென்று தின்றுவிட்டுச் செத்தது, சுவரோரம் சாக்கின் மேல் கிடந்தது. நடுவில் எங்கள் டீசல் பிக்கப், நாலு ஸ்டாண்டின் மேல் ஏறி நின்றது. வண்டிக்கு இடது பக்கம் நான். வலது பக்கம் என் தங்கையின் புருஷன். பின்னால், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் என் தங்கை. நானும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிப் பத்து மாதம் ஆகியிருந்தது. அவள்தான் எங்களுக்குத் தபால்.

பேச்சு நின்ற கதை சின்னது. எனக்கு டைல்ஸ் கடை. வாஷ்பேசின், கழிப்பறைக் கோப்பை எல்லாம் உண்டு. வண்டியில் பாதி நான் போட்டது, பாதி அவர் போட்டது. என் சரக்கை அவர் கொண்டுபோய் இறக்குவார். மற்ற நேரம் வெளி வாடகை. ஒருநாள் சரக்கு போய்ச் சேர்ந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "எத்தனை பெட்டி வந்திருக்கு, எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். வியாபாரி கேட்கிற கேள்விதான். என்னைப் பெற்ற அப்பா என்னிடமே தினமும் கேட்ட கேள்வி. ஆனால் மாப்பிள்ளை அப்போது அந்தப் போனுக்குப் பக்கத்தில் பெட்டியோடு நின்றிருக்கிறார். வீட்டுக்குப் போய், "உன் அண்ணன் என்னைத் திருடன்னு சொல்லிட்டாரு" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாராம். நான் எண்ணத்தான் சொன்னேன். எண்ணுவதும் திருடன் என்பதும் ஒன்று என்று நினைக்கிற ஆள் வியாபாரத்துக்கு லாயக்கில்லை. அதனால்தான் அவர் வண்டி ஓட்டுகிறார்.

பிறகு கியர்பாக்ஸ் போனது. நான் அளவுக்கு மேல் சரக்கு ஏற்றியதால் போனது என்று அவர் தங்கையிடம் சொன்னார். கியர் கம்பியின் மேல் எப்போதும் கையை வைத்து அழுத்திக்கொண்டே ஓட்டினால் இரும்பென்ன, எதுதான் தாங்கும் என்று நான் தங்கையிடம் சொன்னேன். கடைசியில் ஒரு முடிவும் சொல்லி அனுப்பினேன். விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து இதே மாடல் கியர்பாக்ஸ் ஒன்று வருகிறது, மாட்டிப் பார்ப்போம். ஓடினால் ஓடட்டும். இதுவும் போனால் வண்டியை விற்றுப் பங்கைப் பிரித்துக்கொள்வோம்.

விற்றால் மாப்பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். தன் பங்குக்கு வருவதில் இன்னொரு வண்டி வாங்க முடியாது. என் கடையில் வந்து நிற்க வேண்டும். மச்சான் கல்லாவில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை படியேறி இறங்கிக் கழிப்பறைக் கோப்பை எடுத்துக் காட்ட வேண்டும். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்வேன் என்று அவர் சொன்னதையும் தங்கை கொண்டுவந்து கொடுத்தாள். நான் கையெழுத்துப் போடாத குறையாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பழைய வண்டி வாங்கி விற்கிற புரோக்கர் ஒருவரை அன்று மதியமே ஷெட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன்.

மெக்கானிக்கைச் சங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆலைச் சங்கு மாதிரிக் குரல். அவருடைய ஆள் அன்று லீவு. அதனால் வண்டியின் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் கை கொடுத்தால் வேலை நடக்கும், இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

கழற்றுகிற வேலை சுலபமாகத்தான் முடிந்தது. பேட்டரி வயரை எடுத்து, பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டை இறக்கி, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, உள்ளேயிருந்து கியர் கம்பியை உருவினோம். ஒரு சமாதானமும் இல்லாமலே ஒரு பொருளைப் பிரிக்கலாம். சேர்ப்பதற்குத்தான் ஆள் தேவைப்படுகிறது.

சங்கு புது கிளட்ச் பிளேட்டை நடுசென்டர் பார்த்து மாட்டினார். கியர்பாக்ஸை ட்ராலி ஜாக்கின் மேல் பலகை வைத்து ஏற்றி, மெதுவாக உள்ளே தள்ளினோம். மாப்பிள்ளை எஞ்சின் பக்கம் மல்லாந்து படுத்திருந்தார். நான் வால் பக்கம்.

"உன் அண்ணன்கிட்ட சொல்லு, வாலைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி."

"அண்ணா, வாலைத் தூக்கணுமாம்."

"தூக்கித்தான் பிடிச்சிருக்கேன். உன் புருஷனுக்குக் கண்ணு எங்க இருக்குன்னு கேளு."

"என்னங்க, தூக்கித்தான் இருக்காம்."

"முழுசா சொல்லு. கண்ணைப் பத்தி என்னமோ சொன்னாரே."

"நல்லதா நாலு வார்த்தை சொன்னா கொண்டு வரேன்," என்றாள் தங்கை. "இந்தக் கழிசடையெல்லாம் சுமக்க முடியாது."

கியர்பாக்ஸ் முக்கால்வாசி உள்ளே போய், ஒரு விரல் இடைவெளியில் நின்றுகொண்டது. சங்கு டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ள பல்லும் பல்லும் முட்டிக்கிட்டு நிக்குது. கியர்ல போட்டிருக்கேன். பின்னாடி இருக்கிறவரு, பாக்ஸோட வால்ல நீட்டிக்கிட்டு நிக்கிற ஷாஃப்டைக் கையால லேசா திருப்பணும். திருப்பும்போதே முன்னாடி இருக்கிறவரு தள்ளணும். ஒரே நேரத்துல. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே செய்யணும், புரியுதா?"

நாங்கள் இருவரும் வேறு வேறு திசையில் தலையை ஆட்டினோம்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு லாரி நின்றுபோய் வழியை அடைத்துக்கொண்டது. சங்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகும்போது திரும்பி, பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்படி, "போல்ட் போட்டு இழுக்காதீங்க. இழுத்தீங்கன்னா காது உடைஞ்சிடும். அப்புறம் இதையும் அந்தச் சாக்குல தூக்கிப் போட வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். காது என்றால் கியர்பாக்ஸின் வாயைச் சுற்றி போல்ட் நுழைவதற்கு இருக்கிற அலுமினிய வளையம்.

தபால் வழியாகத் திருப்பினோம், தள்ளினோம். "திருப்பச் சொல்லு" என்பது தங்கையிடம் போய் என்னிடம் வருவதற்குள் அவர் தள்ளி முடித்திருப்பார். "தள்ளச் சொல்லு" போய்ச் சேரும்போது நான் திருப்பி முடித்திருப்பேன். இப்படி எத்தனை தடவை என்று நான்கூட எண்ணவில்லை. தங்கை எழுந்துவிட்டாள்.

"நான் போய் டீ வாங்கிட்டு வரேன். வரதுக்குள்ள மாட்டி வைங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் இதுக்கடியிலேயே குடித்தனம் பண்ணுங்க."

அவள் போய்விட்டாள். நான் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் "திருப்புங்க" என்று ஒரு சொல் சொன்னால் திருப்பியிருப்பேன். நான் "தள்ளுங்க" என்று சொல்லியிருந்தால் அவர் தள்ளியிருப்பார். இரண்டு பேரும் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு முதல் விலையை எதிராளி சொல்லட்டும் என்று இருந்தோம்.

பிறகு ஸ்பானர் சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தேன். மாப்பிள்ளை நீளமான போல்ட்டுகள் இரண்டை எடுத்து, மேலே ஒன்று கீழே ஒன்றாகக் கோத்து, முடுக்கிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு சொல் பேசுவதைவிட இரும்பைக் கொண்டு இழுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். இடைவெளி ஒரு விரலிலிருந்து அரை விரல் ஆனது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இன்னும் இரண்டு சுற்று. காது உடையும், உடைத்தது அவர் கை. மதியம் புரோக்கர் வருவார். வண்டி போகும். என் மேல் ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒட்டாது. இவ்வளவு மலிவாக ஒரு வெற்றி எனக்கு எந்தச் சந்தையிலும் கிடைத்ததில்லை.

ஆனால் நான் டைல்ஸ் வியாபாரி. ஒரு பொருள் உடைவதற்குச் சற்று முன்னால் எழும் சத்தம் எனக்குத் தெரியும். விரலால் தட்டினாலே, எது முழுசு, எது உள்ளுக்குள் கீறியது என்று சொல்லிவிடுவேன். அடுத்த சுற்றில் அந்த அலுமினியம் மெல்லிசாக 'க்ணிங்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என் உடம்பால் சும்மா இருக்க முடியவில்லை.

"நிறுத்துடா," என்றேன்.

ஸ்பானர் நின்றது.

தங்கை புருஷனை 'டா' போட்டுப் பேசுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. அவர் என்னைவிட எட்டு வயது சின்னவர். இருந்தும் பெண் கொடுத்த நாளிலிருந்து வாங்க, போங்கதான். சண்டை வந்த பிறகும், பேச்சே நின்ற பிறகும், அவர் முதுகுக்குப் பின்னால்கூட 'அவர்'தான். பத்து மாதம் கழித்து அவரிடம் நேராகச் சொன்ன முதல் சொல் இதுவாகிவிட்டது.

மாப்பிள்ளை வண்டிக்கு அடியிலிருந்தே கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகம் கிரீஸ். கண் மட்டும் வெள்ளை.

"என்ன சொன்னே?"

சொன்னீங்க இல்லை. சொன்னே.

"போல்ட்டைக் கழட்டுன்னு சொன்னேன். காது கீறப்போவுது. சங்கு சொன்னது காதுல விழலையா, இல்ல அதையும் எண்ணித்தான் குடுக்கணுமா?"

"எண்ணு. எண்ணு. ராத்திரி தூக்கத்துலகூட பெட்டியை எண்ணு. பொண்டாட்டி பிள்ளைகளையும் காலையில எண்ணிப் பாத்துக்கோ."

"எண்ணாம விட்டவன் கடை இன்னைக்கு யார் கையில இருக்குன்னு போய்ப் பாரு. முதல்ல அதைக் கழட்டு."

"கழட்டுறேன். உனக்காக இல்ல."

"எனக்காக நீ எதுக்குக் கழட்டணும்? வண்டி உன்னோடது இல்லையா?"

"பாதிதான் என்னோடது. மீதிப் பாதிதானே இங்க உக்காந்து உசிரை வாங்குது."

போல்ட்டுகள் இரண்டும் தரையில் விழுந்தன. நான் ஷாஃப்டைப் பிடித்தேன்.

"திருப்பறேன். தள்ளு."

"நீ முதல்ல திருப்பு. என்னமோ கோயில் தேரை இழுக்கிற மாதிரி மூச்சு வாங்குற."

"தள்ளுய்யா."

"தள்ளிட்டுத்தான் இருக்கேன். இடது பக்கம் திருப்பு. இடதுன்னா எதுன்னு தெரியுமா, இல்ல கல்லாப்பெட்டி இருக்கிற பக்கம்னு சொல்லணுமா?"

இடது பக்கம் திருப்பினேன். உள்ளே எங்கோ ஒரு பல் இன்னொரு பல்லுக்கு வழி விட்டது. ஐம்பத்தெட்டு கிலோவும் ஒரு முனகல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் எஞ்சினோடு ஒட்டியது. மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தால் அது இன்னும் அங்கேயே நின்றிருக்கும்.

தங்கை டீயோடு வந்தபோது, மாப்பிள்ளை என் அப்பாவின் தராசைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருடைய அண்ணன் தம்பிகளை வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

"பேசிட்டீங்களா?" என்றாள்.

"பேசல," என்றார் மாப்பிள்ளை. "உன் அண்ணன் என்னை 'டா' போட்டாரு."

அவள் டீயை எனக்குக் கொடுக்காமல் கீழே வைத்தாள். சமாதானத்துக்கு நிற்கிறவள்தான், ஆனால் அந்த ஒரு எழுத்தில் அவள் என் தங்கையாக இருப்பதை விட்டுவிட்டு அவருடைய பெண்டாட்டியாகிவிட்டாள்.

சங்கு திரும்பி வந்து, காதைத் தடவிப் பார்த்து, கீறல் இல்லை என்றார். மற்ற போல்ட்டுகளை முடுக்கினார். ஷாஃப்ட் ஏறியது, புது எண்ணெய் ஊற்றினார், ஸ்டாண்டுகளை எடுத்தார். மாப்பிள்ளை ஷெட் வாசல்வரை ஓட்டிப் போய், ரிவர்ஸில் வந்து நிறுத்தினார். கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது.

புரோக்கர் வந்தது அப்போதுதான். ஹெல்மெட்டைக் கழற்றி மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டே, "என்ன சார், ஓடாத வண்டின்னு சொன்னீங்க, ஜம்முனு ஓடுதே. இப்ப ரேட்டை ஏத்திச் சொல்லலாமே," என்றார். ஷெட்டில் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

மாப்பிள்ளை எஞ்சினை அணைத்தார். தங்கை என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் விற்க மாட்டேன்.

ஓடினால் ஓடட்டும் என்பது நான் சொன்ன வார்த்தை. வாய்ச்சொல்லை மாற்றினால் சந்தையில் பிறகு எவன் எனக்குச் சரக்கு கொடுப்பான்? அதற்காக, வரச் சொன்ன ஆளை 'விற்கவில்லை' என்று வெறுங்கையோடு அனுப்பவும் எனக்குத் தெரியாது. ஆகவே ஒரு விலை சொன்னேன். ஹெல்மெட் திரும்பத் தலைக்கு ஏறிவிட்டது. "சார், இந்த விலைக்கு வண்டியோட டிரைவரையும் சேத்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் கிளம்பினார்.

மாப்பிள்ளை அதை என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. பேராசையால் படியாமல் போன வியாபாரம் என்று எடுத்துக்கொண்டார். "நல்ல வேளை, உனக்கு ஆசை ஜாஸ்தி. அதனால என் பொழப்பு தப்பிச்சுது," என்றார். தங்கையை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு, என்னை ஷெட் வாசலில் விட்டுவிட்டுப் போனார். நான் நடந்து கடைக்கு வந்தேன்.

இப்போது தபால் இல்லை. நேராகவே பேசுகிறோம். "பெட்டி ரெடியா?" என்பார். "ரெடி, எண்ணிக்கோ," என்பேன். எண்ணமாட்டார். அவர் கிளம்பியதும் நான் போன் போட்டுக் கேட்பேன்.

கணக்கு இதுதான். வண்டி அவர் கையில். அது என் வரவில் வராது. 'டா'வும் 'சொன்னே'யும் ஒன்றுக்கொன்று கழிந்தது என்கிறாள் தங்கை. என் புத்தகத்தில் கழியவில்லை, நான் மூத்தவன். காதைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு ஒரு நன்றி எனக்கு வர வேண்டும். புரோக்கரை வரவழைத்ததற்கு ஒரு மன்னிப்பு நான் தர வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த நன்றிக்கு இந்த மன்னிப்பு சரி என்று கழித்துப் புத்தகத்தை மூடலாம் என்று அவளே இன்னொரு வழியும் சொன்னாள். சுவருக்கு ஒட்டுகிற டைல்ஸையும் தரைக்குப் போடுகிற டைல்ஸையும் மாற்றிக்கொள்கிறவன் நானில்லை. இன்றைய தேதிக்கு இரண்டும் பாக்கி.