மிதித்துப் பார்த்து வாங்கிய பை

பை வாங்கப் போகிறவர்கள் தூக்கிப் பார்ப்பார்கள், ஜிப்பை இழுத்துப் பார்ப்பார்கள், கொஞ்சம் விவரமானவர்களாக இருந்தால் உள்ளே கையை விட்டுத் தையலைத் தடவிப் பார்ப்பார்கள். பெட்டியக்கா பையைக் கடையின் நட்டநடுவில் தரையில் போட்டாள், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், பையின் மேல் ஏறி நின்றாள். பை 'புஸ்' என்று அமுங்கியது. விற்பனையாளருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"இது சரிப்படாது, அடுத்ததைக் காட்டுங்க" என்றாள், இறங்காமலே.

கூட வந்திருந்த நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணி, பை வாங்க வந்தீங்களா, மிதிக்க வந்தீங்களா?"

பெட்டியக்கா காதில் விழாத மாதிரி அடுத்த பைக்குக் கையை நீட்டினாள். ஏன் என்று தெரிய வேண்டுமானால் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பெட்டியக்கா ஒரு பத்திரிகையில் புகைப்படக்காரி. ஓரங்களில் இரும்புப் பட்டை அடித்த ஒரு பெரிய பெட்டிதான் அவளுக்குச் சகலமும். இரண்டு கேமரா, நீளமாக ஒன்று குட்டையாக ஒன்று என்று லென்ஸுகள், மேல் தட்டில் லேப்டாப், எல்லாம் அதற்குள் அடக்கம். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் புகைப்படக்காரர்களுக்கு நடுவில் புகுந்து பெட்டியைக் கீழே வைப்பாள், மூடுவாள், மேலே ஏறி நின்றுவிடுவாள். ஆண்டவன் அவளுக்குத் திறமையைக் கொடுத்த கையோடு உயரத்தில் சிக்கனம் பிடித்துவிட்டான். அவளைச் சுற்றி நிற்கிற புகைப்படக்காரர்களோ ஒவ்வொருத்தனும் ஓங்குதாங்காக இருப்பான். பெட்டி இல்லாவிட்டால் அவள் பார்ப்பதெல்லாம் சட்டை முதுகுகள்தான். படம் எடுத்து முடித்ததும் அதே பெட்டியின் மேல் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, படத்தை அனுப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். சக தொழில்காரர்கள் அவளுக்குப் பெட்டியக்கா என்று பெயர் வைத்ததில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் பெட்டி போட்டு இடம் பிடித்தவள் என்று அதற்கு அவளே ஓர் அர்த்தமும் வைத்திருந்தாள்.

வீட்டில் இந்த ஏறி நிற்கிற சமாச்சாரம் யாருக்கும் தெரியாது. சாமான் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அவ்வளவு பெரிய பெட்டி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அப்படியே நினைக்க விட்டுவிட்டாள். தன் உயரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அப்படிப்பட்ட பெட்டி தோளைத் தின்றுவிட்டது. போன மாதம் ஒரு பாலத்தின் திறப்பு விழாவில், வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும்போதே வலது தோள் பிடித்துக்கொண்டது. கையை உதறி, நீவி, ஒரு வழியாகப் போய்ச் சேர்வதற்குள் ரிப்பன் வெட்டியாகிவிட்டது, கைதட்டியாகிவிட்டது, மந்திரி காரில் ஏறியாகிவிட்டது. அவள் கொண்டுவந்தது வெறும் பாலத்தின் படம். படப்பிரிவின் தலைவர் நல்ல மனுஷன், திட்டவில்லை. அதுதான் வினை. கடைக்கு வந்த அன்று காலையில் அவளைக் கூப்பிட்டு, ஆபீஸிலேயே உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்த படங்களைத் திருத்தித் தரலாமே, உடம்புக்கும் நல்லது என்று இதமாகச் சொன்னார். பெட்டியக்கா விடவில்லை. கடலை நீந்திக் கடந்த பெண் நாளைக் காலை விமானத்தில் வருகிறாள், முதல் பக்கத்துக்கு அந்தப் படம் என்னுடையதாகத்தான் இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அதுவும் போய்விட்டால் மேஜை நாற்காலிதான் கதி.

தோளைப் பார்த்தது நாத்தனார். அவள் எலும்பு, தசைப் பிடிப்புக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். நாத்தனாராக மட்டும் இருந்திருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சமாளித்திருக்கலாம். வைத்தியமும் தெரிந்த நாத்தனாரை என்ன செய்வது? பெட்டியைத் தூக்கக் கூடாது, பாரம் இரண்டு தோளிலும் சமமாக இறங்க வேண்டும், முதுகுப்பைதான் வழி என்று தீர்ப்புச் சொல்லி, அன்று சாயங்காலமே கடைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

இரண்டாவது பையும் அமுங்கியது. மூன்றாவது பை பரவாயில்லை போலிருந்தது; ஏறி நின்றபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து அவளைக் கண்ணாடி அலமாரியின் மேல் தள்ளப் பார்த்தது. விற்பனையாளர் பாய்ந்து பிடித்தார். பாவம், அவர் மழைக்கு உறை இருக்கிறது, முதுகுப் பக்கமாகத் திறக்கிறது, பின்னால் வருகிறவன் கை வைக்க முடியாது என்று தனக்குத் தெரிந்த பெருமைகளை எல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. கடைசியில் அக்காவே மேல் தட்டிலிருந்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். உள்ளே கெட்டியான சட்டம் வைத்தது, பார்க்கவே அசல் பெட்டிக்குத் தோள்பட்டை தைத்த மாதிரி இருந்தது. ஏறி நின்றாள். அசையவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

நாத்தனார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "காலியா இருக்கும்போதே இந்தக் கனம் கனக்குது. லேப்டாப்புக்கு இடமே இல்ல. இதுக்குப் பெட்டியே தேவலையே?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, அது மேல ஏறித்தான் படம் எடுக்குறீங்களா?"

பெட்டியக்கா கண்ணாடி அலமாரியில் இருந்த லென்ஸ் மூடிகளைக் கவனமாகப் பார்த்தாள். ஆமாம் என்று அதற்கு அர்த்தம்.

நாத்தனார் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது. நாத்தனார் ஒரு சாம்பல் நிறப் பையை எடுத்து உள்ளே இருந்த தடுப்புகளைப் பிய்த்து மாற்றி ஒட்டினாள். வீட்டிலிருந்து துணிப்பையில் கொண்டுவந்திருந்த அக்காவின் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். லேப்டாப்பை முதுகை ஒட்டி வைத்தாள், கனமான லென்ஸை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வருகிற மாதிரி நடுவில் வைத்தாள், அடிக்கடி எடுக்கிற கேமராவைப் பக்கவாட்டுத் திறப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். அக்காவை மாட்டிக்கொள்ளச் சொல்லி, இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் இழுத்து இறுக்கி, கடைக்குள்ளேயே நடக்க விட்டாள்.

பெட்டியக்கா நடந்தாள். இரண்டு கையும் காலியாக இருந்தது. கடையின் கோடி வரை போய்த் திரும்பி வந்தாள், தோள் ஒரு வார்த்தை முனகவில்லை. சுகமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள மனசில்லாமல், நிறம் சுமார்தான் என்று மட்டும் சொன்னாள். கழற்றிக் கீழே வைத்ததும் கால் தன்னால் அதன் மேல் போயிற்று.

"லேப்டாப் உள்ள இருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார். அக்கா காலை எடுத்துக்கொண்டாள். பையை வாங்கினார்கள்.

பை வந்துவிட்டது, உயரம் வரவில்லையே! காலையில் அக்கா ஒரு காரியம் செய்தாள். சமையலறையில் இருந்த பிளாஸ்டிக் முக்காலியை யாருக்கும் தெரியாமல் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனாள். வாசலில் இருந்த காவலர் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். உள்ளே நாற்காலி எல்லாம் இருக்கிறது, இது எதற்கு என்று கேட்டார். நிற்பதற்கு என்றாள். நிற்பதற்கு எதற்கு முக்காலி என்றார். நியாயமான கேள்விதான். முக்காலி வாசலிலேயே நின்றுவிட்டது.

உள்ளே பயணிகள் வெளியே வருகிற கதவுக்கு எதிரே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றிலிருந்து இரண்டடி தள்ளிப் புகைப்படக்காரர்கள் சுவர் எழுப்பின மாதிரி நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் நடுவில் கொக்கு. வேறொரு பத்திரிகைக்காரன், அவன் உயரத்துக்கும் கழுத்துக்கும் அந்தப் பெயர் தவிர வேறு எதுவும் பொருந்தாது. பெட்டி இல்லாததால் நடுவில் புகாமல் பெட்டியக்கா பின்னால் போய் நின்றாள். முதுகுகள். எட்டிப் பார்த்தாள். முதுகுகள். கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிக் குத்துமதிப்பாக எடுக்கலாம் என்று கையை உயர்த்தினால், தோள் பாதி வழியில் நின்றுவிட்டது. தெரியாத்தனமாக நாத்தனார் பேச்சைக் கேட்டோமே என்று வந்த கோபம் கண்ணை நிறைத்தது. ஆபீஸ் மேஜையும், இதமான தலைவரும், அடுத்தவன் எடுத்த படமும் வரிசையாக வந்து போயின.

கதவு திறந்தது. கைதட்டல் கேட்டது.

"தம்பி, கொஞ்சம் வழி விடுங்கப்பா. எனக்கு ஒண்ணும் தெரியல."

சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்று அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷத் தொழிலில் அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கொக்கு திரும்பிப் பார்த்தான். பெட்டி இல்லாமல் தரையில் நின்ற பெட்டியக்காவைப் பார்த்து ஒரு கணம் விழித்தான். அவ்வளவுதான், காலை அகட்டினான், பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் தள்ளினான், முதுகுப்பையின் பிடியைப் பற்றி அவளை மூட்டை மாதிரி முன்னால் இழுத்து விட்டான். "உட்காருங்கக்கா, உட்காருங்க" என்று பின்னால் இரண்டு மூன்று குரல்கள் கேட்டன. அவள் கயிற்றுக்கும் அவர்கள் கால்களுக்கும் நடுவில் இருந்த இடத்தில் மண்டி போட்டாள். பக்கவாட்டு ஜிப்பை இழுத்ததும் கேமரா தானாகக் கைக்கு வந்தது.

நீந்திய பெண் மாலையும் கூச்சமுமாக வந்து நின்றாள். எல்லோரும் கையசைக்கச் சொல்லிக் கத்தினார்கள், அசைத்தாள். அந்தச் சமயத்தில் அவளுடைய அம்மா கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினாள். கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருக்க, அந்த அம்மாள் மகளின் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, துவாலை நுனியைத் திரித்துக் காதுக்குள் விட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். கடலையே கடந்து வந்த பெண், 'விடும்மா' என்று நெளிந்தாள். பெட்டியக்காவுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒருவருமே இல்லை. எடுத்துத் தள்ளினாள்.

கூட்டம் கலைந்ததும் ஒரு தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து படத்தை அனுப்பினாள். தலைவரிடமிருந்து உடனே பதில் வந்தது. முதல் பக்கம், மேல் பாதி முழுக்க. மேஜை வேலையைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. அக்காவுக்கு அந்த விமான நிலையத்தையே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கொக்கு வந்து பக்கத்தில் மடங்கி உட்கார்ந்தான். அவனும் அவன் லேப்டாப்பைத் திறந்தான். முகமெல்லாம் பல்லாக இருந்தது. இன்றைக்கு எல்லோருடைய படமும் முழுசாக வந்திருக்கிறது, எங்கள் ஆபீஸில் நம்பவே மாட்டார்கள் என்றான். ஏன், மற்ற நாட்களில் அரைகுறையாகவா வருகிறது என்று கேட்டாள். அவன் தயங்கினான். பிறகு பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். கோர்ட் வாசல் தீர்ப்பு. கீழே வலது மூலையில் ஒரு கொண்டை. கோப்பை வாங்கிய அணி. நடுவில் ஒரு கொண்டை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த நடிகை. அவள் தாடையை மறைத்துக்கொண்டு ஒரு கொண்டை, கிளிப்போடு. எல்லாம் ஒரே கொண்டை.

பெட்டியக்காவின் கை தன்னால் பின்னந்தலைக்குப் போயிற்று.

"எங்க ஆபீஸ்ல இதுக்குன்னே ஒருத்தர் இருக்காருக்கா. படம் வந்ததும் 'மொதல்ல கொண்டையை வெட்டு'ம்பாரு. மத்த ஆபீஸ்லயும் அப்படித்தானாம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. முன்னால் நிற்கிறவர்களுடைய முதுகுகளுக்கு மேலே ஏறி ஜெயித்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் முழுக்க, பின்னால் நின்றவர்கள் எல்லாம் அவள் கொண்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெட்கத்தில் காது சுட்டது.

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா?"

"எப்படிக்கா சொல்றது?" கொக்கு தன் நீளமான கால்களைப் பார்த்துக்கொண்டான். "பெட்டிய விட்டு இறங்குங்கன்னா, உங்க உயரத்தைச் சொல்லிக் காட்டின மாதிரி ஆயிடுமே. எங்க யாருக்கும் மனசு வரல."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். லேப்டாப்பை மூடி முதுகை ஒட்டிய அறையில் சொருகினாள், லென்ஸை நடுவில் வைத்தாள், ஜிப்பை இழுத்தாள். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளைக்குக் கோர்ட்டுக்கு நீ எனக்கு முன்னாடியே போய்விட்டால் கயிற்றுக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் போட்டு வைப்பாயா என்று கேட்டாள்.

"அங்க யாருக்கா வரப்போறா?" என்றான் கொக்கு. "எங்க காலுக்கு முன்னாடி இருக்கற இடம் எப்பவும் காலியாத்தானே கிடக்குது."

அவள் பையை மாட்டி இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டாள். பிறகு எழுந்திருக்கக் கை கொடுக்கச் சொல்லி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.