பெட்டி மட்டும் புதுசு

என் மகள் என் சொல்லை நம்புவதற்கு விலை எழுபத்திரண்டு ரிங்கிட். விற்றவனும் நானே, வாங்கியவனும் நானே. அதனால் பேரம் பேசக்கூட ஆளில்லாமல் போயிற்று.

சுங்கைப்பட்டாணியில் எனக்கு இரும்புச் சாமான் கடை. மகள் அனீசா பாலிடெக்னிக்கில் எஞ்சின் படிக்கிறாள். மீனவ ஊரான தஞ்சோங் டாவாயில் ஒரு கொட்டகைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த பழைய மோட்டார் படகை வாங்கி, எட்டு மாதம் சனிக்கிழமை தவறாமல் சுரண்டினோம், பூசினோம். சாமான் வாங்கி வருவது நான், பூட்டுவது அவள்.

எஞ்சின் சூட்டைத் தணிக்க ஆற்றுத் தண்ணீரை இழுக்கும் பம்பில், உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் சக்கரம் ஒன்று உண்டு. புதியது எண்பது ரிங்கிட். பழைய சாமான்காரன் எட்டுக்குத் தந்தான். கடைக்காரன் வீட்டில் காலிப் பெட்டியை யாரும் எறிவதில்லை. சக்கரத்துக்கு டயர் பாலிஷ் தடவி, அளவான புதுப் பெட்டியில் வைத்து நீட்டினேன். வாடிக்கையாளராக இருந்தால் முகர்ந்து, நகத்தால் கீறிப் பார்த்திருப்பார். மகள் பெட்டியைப் பார்த்தாள், சக்கரத்தைப் பம்பில் பூட்டிவிட்டாள்.

வெள்ளோட்டத்தன்று முதல் கால் மணி நேரம் படகு மாப்பிள்ளை ஊர்வலம்போலப் போனது. மெர்போக் ஆற்றின் வாயை நெருங்கும்போது எஞ்சினிலிருந்து பீச்சிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. அனீசா உடனே எஞ்சினை அணைத்தாள்.

“அத்தா, கை வைக்காதீங்க. கொதிக்குது.”

நங்கூரம் போட்டோம். அது சேற்றில் பிடிக்காமல் எங்களோடே வந்தது. ஆறு கடலுக்கு வடியும் நேரம். முன்னால் மணல் திட்டில் அலை உடைந்து வெள்ளையாகச் சிதறியது. அங்கே போனால் படகு கவிழும். எனக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டை போட்டிருந்தேன். என் எடையைக் கேட்டுத் தைத்ததாகத் தெரியவில்லை.

அவள் எஞ்சினைச் சாய்த்துத் தண்ணீர் நுழையும் ஓட்டையைப் பார்த்தாள். அடைப்பு இல்லை.

“உள்ளே தண்ணியத் திறந்து மூடுற தெர்மோஸ்டாட்தான் மாட்டிக்கிச்சு லா. பத்து நிமிஷத்துல கழட்டிட்டு ஃபுல் ஸ்பீடுல திரும்பிடலாம்.”

“பம்பா இருக்குமோ?” என்றேன், சும்மா கேட்பதுபோல.

“பம்பு புதுசு அத்தா. நீங்கதானே வாங்கினீங்க?”

ஸ்பேனரை எடுத்தாள். எதிராளி முதலில் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தே முப்பது வருடம் பிழைத்தவன் நான். இப்போதும் காத்திருந்தேன். அலை பேரத்துக்கு வரவில்லை. சத்தம் மட்டும் நெருங்கியது. ஒரு நட்டு கழன்றது. இரண்டாவதும் கழன்றது.

“அனீசா, அது புதுசில்ல.”

“எது?”

“சக்கரம். பெட்டி மட்டும்தான் புதுசு.”

“பளபளன்னு இருந்துச்சே?”

“டயர் பாலிஷ்.”

திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. நட்டுகளைத் திரும்ப முடுக்கினாள்.

“ஃபுல்லா விட்டிருந்தா எஞ்சின் நடு ஆத்துல இறுகியிருக்கும். இப்ப ரெண்டு நிமிஷம்தான் ஓடும். அந்த மீன் கூண்டைப் பிடிக்கணும். கயிறு உங்க வேலை. விட்டா இன்னொரு தடவை கிடையாது.”

ஆற்றோரமாக மிதந்த, மீன் வளர்க்கும் கூண்டுகளை நோக்கிப் படகைத் திருப்பினாள். ரப்பர் கருகும் வாடை வந்தது. கயிற்றுச் சுருக்கோடு படகின் முன் முனையில் மண்டியிட்டேன். முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது. எஞ்சின் இருமி நின்றது. படகு பின்னால் நழுவத் தொடங்கியபோது மறுபடி வீசினேன். சுருக்கு கூண்டின் கட்டையில் விழுந்தது. கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு இறுகியது. படகு நின்றது.

கூண்டுக்காரர் எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார். கேட்ட கூலியை அப்படியே கொடுத்தேன்.

கரையில் அனீசா பழந்துணி ஒன்றை விரித்தாள்.

“நீங்க வாங்கின சாமானெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லுங்கத்தா. புதுசா, பழசா?”

ஒரு சென் காசுகூடக் குறைக்காமல் உண்மையைச் சொன்னேன். மொத்தம் பதினொரு சாமான். புதியவை ஒன்பது, பழையவை இரண்டு.

அவள் பதினொன்றையும் கழற்றித் துணியில் வைத்தாள்.